கல்லறையில் இல்லாத வாசகம்

சென்ற வருஷம் எங்கள் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். ஊரின் பெயரையும் பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. தாமிரவருணிக் கரையில் எந்தப் பள்ளிக்கூடமாகவும் அதை வைத்துக்கொள்ளலாம். எல்லா இடத்திலும் இதே பந்தல், இதே நாற்காலி, இதே பிரசங்கிதான்.

பிரசங்கி நல்ல குரல்வளம் உள்ளவர். ஜி. யு. போப்பைப் பற்றிப் பேசினார். 'தமிழுக்கு உழைத்த அந்த வெள்ளைக்காரர் இறக்கும்போது என்ன கேட்டார் தெரியுமா? என் கல்லறையில் வேறு எதையும் எழுதாதீர்கள். இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான் என்று மட்டும் எழுதுங்கள் என்று கேட்டார். இன்றும் ஆக்ஸ்போர்டில் அந்தக் கல்லில் அந்த வாசகம் இருக்கிறது!' என்று முழங்கினார். கைதட்டல் அடங்க நேரம் ஆயிற்று. முன்வரிசையில் இருந்த ஒரு தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன்.

அடுத்துப் பேசவேண்டியவன் நான். எழுதி வைத்திருந்த பேச்சைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, 'அந்தக் கல்லில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை' என்று சொன்னேன்.

பந்தலில் ஏற்பட்ட அமைதி எனக்கே பயமாக இருந்தது. கூட்டம் முடிந்ததும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'என்ன அண்ணாச்சி, பிள்ளைகள் சந்தோஷமாய்க் கேட்டுட்டு இருந்தது. நல்ல கதையை இப்படிக் கெடுத்துப் போட்டியளே!' என்று வருத்தப்பட்டார். அவர் பொய் சொல்லாத மனிதர். வகுப்பில் யாராவது குறளைத் தப்பாகச் சொன்னால் மணிக்கணக்கில் நிற்க வைத்தவர் என்று கேள்வி. அவருக்குக்கூட இந்தப் பொய் இனிக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கல்லில் இருப்பது என்ன? ஆக்ஸ்போர்டு நகரில் செயின்ட் செபல்கர் இடுகாடு என்று ஒன்று உண்டு. அங்கேதான் போப் அடக்கமாகியிருக்கிறார். கல்லில் அவர் பெயர் இருக்கிறது; தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று இருக்கிறது. பல்கலைக் கழகத்தில் தமிழுக்கும் தெலுங்குக்கும் விரிவுரையாளராக இருந்தார், பேலியல் கல்லூரியில் குருவாக இருந்தார் என்ற விவரம் இருக்கிறது. 1820 ஏப்ரல் 24 பிறப்பு, 1908 பிப்ரவரி 11 இறப்பு. கீழே, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் சேர்ந்து இந்தக் கல்லை நாட்டினார்கள் என்றும், கீழ்நாட்டு இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் வாழ்நாள் முழுவதும் செய்த உழைப்பை மதித்து அன்பினால் நாட்டினார்கள் என்றும் வெட்டியிருக்கிறது. அவ்வளவுதான். மாணவன் இல்லை, உறக்கமும் இல்லை.

இன்னொரு கதையும் உண்டு: திருவாசகத்தை நினைத்துக் கடிதம் எழுதும்போது அவர் கண்ணீர் காகிதத்தில் சிந்தியது என்பார்கள். அதைப் பற்றி எனக்குச் சண்டை கிடையாது. கண்ணீர் காய்ந்துபோகும்; சரிபார்க்க முடியாது. கல் அப்படியா? நிற்கிற இடத்தில் நிற்கிறது. யார் வேண்டுமானாலும் போய் வாசிக்கலாம். பயணச் செலவு இல்லாதவன் படத்தைப் பார்க்கலாம். வாசிக்கக் கூடிய ஒன்றைப் பற்றி வாசிக்காமலே பேசுவதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. ஏனென்றால் போப்பின் புத்தகங்களுக்கும் இதே கதிதான் நேர்ந்திருக்கிறது.

உள்ளபடி கல்லில் இருப்பதை ஒரு தரம் யோசித்துப் பாருங்கள். சாகும்போது அவருக்கு வயது 87. இந்தியாவை விட்டுப் போய்க் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இங்கே அவரிடம் படித்தவர்களில் பலர் கிழவர்களாகியிருப்பார்கள் அல்லது போய்ச் சேர்ந்திருப்பார்கள். அப்படியிருந்தும் கடலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து தமிழர்கள் அந்தக் கல்லில் பங்கு கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். பிரசங்கியின் கற்பனையைவிட இது பெரிய விஷயம் இல்லையா? ஆனால் இது நமக்கு வேண்டாம். நாம் அவருக்குச் செய்தது இதில் இருக்கிறது; நமக்கு வேண்டியதோ அவர் நமக்கு எழுதிக் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம். வெள்ளைக்காரன் ஒருவன் நம் மொழியின் காலடியில் மாணவனாகப் படுத்திருக்கிறான் என்பதில் ஒரு சுகம். அந்தச் சுகத்துக்காக ஒரு மனிதனின் 70 வருஷ உழைப்பை ஒரு வாக்கியமாகச் சுருக்கி, அந்த வாக்கியத்தையும் நாமே எழுதிவிட்டோம்.

போப் வாழ்ந்த கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும்; அதில் பாதி எங்கள் ஜில்லாக் கதை.

அவர் பிறந்தது கனடாவில், பிரின்ஸ் எட்வர்ட் தீவில். வளர்ந்தது இங்கிலாந்தில். 1839-இல் பத்தொன்பது வயதுப் பையனாகச் சென்னையில் வந்து இறங்கினார். 1842-இல் சாயர்புரத்துக்கு வந்தார். பழைய திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த அந்த ஊர் 1986-க்குப் பிறகு தூத்துக்குடி மாவட்டம் என்று ஆகிவிட்டது; பனைமரத்துக்கும் மண்ணுக்கும் அந்த வித்தியாசம் தெரியாது. பாண்டியர் துறைமுகமாக இருந்த கொற்கை அங்கிருந்து அதிக தூரமில்லை. அந்தப் பனங்காட்டில் அவர் ஒரு பள்ளி நடத்தினார். 1849 வரைக்கும் அங்கே இருந்தார். பிறகு தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூர் என்று போன இடத்திலெல்லாம் பள்ளிக்கூட வாத்தியார் உத்தியோகம்தான். கண்டிப்பில் பெயர் போனவர். அவர் வகுப்பில் உட்கார்ந்த பையன்கள் அவரை மகான் என்று நினைத்திருக்கமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். இன்று சாயர்புரத்தில் அவர் பெயரால் கல்லூரி இருக்கிறது. சென்னைக் கடற்கரையில், 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்த சிலையும் இருக்கிறது.

1880-களில் அவர் இங்கிலாந்துக்குத் திரும்பினார். 60 வயது தாண்டியவர். ஆக்ஸ்போர்டில் கிடைத்தது தமிழும் தெலுங்கும் சொல்லிக் கொடுக்கும் வேலை. அந்த வேலையைப் பற்றி நமக்கு ஒரு மயக்கம் இருக்கிறது: ஏதோ உலகத்து மேதைகள் எல்லாம் சங்க இலக்கியம் கேட்க அவர் முன்னால் உட்கார்ந்ததுபோல. அப்படி இல்லை. ஐ. சி. எஸ். பரீட்சையில் தேறி, கலெக்டராகவும் ஜட்ஜாகவும் சென்னை ராஜதானிக்குப் புறப்பட இருந்த இளைஞர்களுக்கு, அவர்கள் மனுவை வாசிக்கவும் சாட்சியை விசாரிக்கவும் எவ்வளவு தமிழ் வேண்டுமோ அவ்வளவு தமிழைச் சொல்லிக் கொடுக்கிற உத்தியோகம் அது. ஆளுகிறவனுக்கு மொழி கற்றுக் கொடுக்கும் வேலை. அந்த வேலைக்குத் திருக்குறள் தேவையில்லை. நாலடியார் சுத்தமாகத் தேவையில்லை. திருவாசகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் அவர் செய்தது என்ன? 1886-இல் திருக்குறள் முழுவதையும் ஆங்கிலச் செய்யுளாக வெளியிட்டார். 1893-இல் நாலடியார். 1900-இல் திருவாசகம். திருவாசகத்தின் முன்னுரையை அவர் தமது எண்பதாவது பிறந்தநாளில் எழுதி முடித்தார். அந்த முன்னுரையிலே ஒரு சம்பவத்தை அவரே சொல்கிறார். பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட்டோடு ஒரு மாலை உலாவிக்கொண்டிருந்தபோது மாணிக்கவாசகரைப் பற்றிப் பேச்சு வந்ததாம். இதை நீர் அச்சிடவேண்டும் என்று ஜோவெட் சொல்ல, இந்த வயதில் அவ்வளவு பெரிய வேலையை முடிக்க ஆயுள் போதாதே என்று இவர் தயங்க, பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதான் நீண்ட நாள் வாழ்வதற்கு வழி, முடிக்கிறவரைக்கும் இருப்பீர் என்று அவர் தேற்றினாராம். ஜோவெட் இறந்துபோனார். போப் முடித்தார். கல்லறைக் கதையைவிட இந்தக் கதை எனக்குப் பிடிக்கிறது. இதில் வேலை இருக்கிறது.

நாலடியார் பதிப்பை எடுத்துப் பாருங்கள். பாட்டு, மொழிபெயர்ப்பு, குறிப்பு, இலக்கண விளக்கம். அத்தோடு நிற்காமல் கடைசியில் சொல்லடைவும் அகராதியும். ஒவ்வொரு சொல்லும் எந்தப் பாட்டில் வருகிறது, அதற்கு என்ன பொருள் என்று வரிசைப்படுத்தியிருக்கிறார். கம்ப்யூட்டரா இருந்தது? கையால், துண்டுக் காகிதத்தில் செய்திருக்க வேண்டும். கவிஞனுக்கு இந்தப் பொறுமை வராது. பண்டிதனும் தனக்குத் தெரிந்ததை இப்படி உடைத்து வைக்கமாட்டான். எங்கேயோ ஒரு மாணவன் தனியாக உட்கார்ந்து, பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் இந்தப் புத்தகத்தோடு மல்லுக்கட்டப் போகிறான் என்று தெரிந்த வாத்தியார் செய்த காரியம் அது. அவரைத் தமிழ் மாணவன் என்று அழைத்துக் கண்ணீர் விடுகிறோம். அவரோ வாத்தியார். நமக்கும் வாத்தியாராக இருந்திருப்பார், நாம் புத்தகத்தைத் திறந்திருந்தால்.

திறந்திருந்தால் வேறு சிலவும் தெரிந்திருக்கும். வள்ளுவர் மயிலாப்பூரில் கிறிஸ்தவப் போதகர்களோடு பழகி, அந்தக் கருத்துக்களைக் கேட்டு அவற்றின் சாயலைத் தம் நூலில் ஏற்றிருக்கக்கூடும் என்ற ஊகத்தைப் போப் தமது குறள் முன்னுரையில் எழுதி வைத்திருக்கிறார். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஒரு பாதிரியாரின் ஆசை அது. நம் மேடைகளில் போப்பைக் கொண்டாடுகிறவர்களில் பாதிப்பேர் இதை வாசித்தால் அன்றைக்கே சிலையைப் பெயர்க்கச் சொல்லுவார்கள். மற்றப் பாதிப்பேர் இதையே பிடித்துக்கொண்டு இன்னொரு கூட்டம் போடுவார்கள். இரண்டு பேருமே மொழிபெயர்ப்பை வாசிக்கமாட்டார்கள்.

மொழிபெயர்ப்பு எப்படி? வாசித்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: குறள் எனக்குத் திருப்தி தரவில்லை. ஏழு சீரில் நிற்கிற பாட்டுக்கு ஆங்கிலத்தில் எதுகைத் தொடை மாதிரி ஒலியொற்றுமை தேடப் போய், மூலத்தில் இல்லாத சொற்களை வைத்து அடைத்து நிரப்பியிருக்கிறார். வள்ளுவர் பேசாமல் விட்ட இடத்தில் எல்லாம் விக்டோரியா மகாராணி காலத்துப் பிரசங்கம் கேட்கிறது. திருவாசகத்தில் வேறு சங்கடம். மார்கழியில் நெல்லையப்பர் கோவிலில் ஓதுவார் பாடக் கேட்டவனுக்கு அந்தப் பாட்டு முதலில் ராகம், அப்புறம்தான் அர்த்தம். போப்புக்கு அது முதலில் அர்த்தம், கடைசியிலும் அர்த்தம். என்றாலும் அந்த அர்த்தத்தை அவர் துருவித் துருவிப் பார்த்த அளவுக்கு, பாடத் தெரிந்த நம்மில் எத்தனைபேர் பார்த்திருக்கிறோம்? ஒருவர் உழைப்பை மதிப்பது என்றால் அதோடு சண்டை போட வேண்டும். சண்டைக்கும் லாயக்கில்லாமல் அவரைப் பூஜை அறையில் வைத்துவிட்டோம்.

புதுமைப்பித்தன் தழுவலைப் பற்றிக் கல்கியோடு போட்ட சண்டையை இங்கே நினைத்துக்கொள்கிறேன். மொழிபெயர்ப்பு என்பது சண்டை போடத் தகுந்த காரியம் என்று எங்கள் ஊர்க்காரர் ஒருவராவது நினைத்தார்.

ராகத்தைப் பற்றிச் சொன்னேன். சங்கீதக்காரனே மொழிபெயர்க்க வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. அலேன் டேனியலு என்று ஒரு பிரெஞ்சுக்காரர்; 1907-இல் பிறந்தவர். பாட்டும் நாட்டியமும் கற்றவர். காசியில் வந்து தங்கி வருஷக் கணக்காக வீணை பயின்றார், இந்து மதத்தைத் தழுவினார், காசி இந்து சர்வகலாசாலையில் சங்கீதம் கற்பித்தார். 1950-களில் அடையாறு நூல்நிலையத்துக்கு இயக்குநராகச் சென்னைக்கு வந்தார். அப்புறம் சிலப்பதிகாரத்தைப் பிரெஞ்சிலும், 1965-இல் ஆங்கிலத்திலும் கொண்டுவந்தார். அரங்கேற்று காதையில் யாழும் குழலும் வருகிற இடத்தில் அவருக்கு வேறு யாருக்கும் இல்லாத சுறுசுறுப்பு. சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பார்க்கிற புலவர்களுக்கு அந்தப் புத்தகம் பிடிக்காது. ஒரே மூச்சில் வாசித்து முடிக்கிற அயல்நாட்டு வாசகனுக்குப் பிடிக்கும். நான் இரண்டாவது கட்சி, கொஞ்சம் வெட்கத்தோடு.

1989-இல் அவர் மணிமேகலையையும் கொண்டுவந்தார். அதில் துணை செய்தவர் என்று ஒரு பெயர் அச்சிட்டிருக்கிறது: தி. வே. கோபாலையர். தேவாரப் பதிப்பையும் இலக்கணப் பேரகராதியையும் நமக்குத் தந்த, பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்களுக்குத் தமிழ் நூல்களைக் கற்பித்த மகா வித்வான். 2007-இல் காலமானார். நம் பிரசங்கியிடம் டேனியலு பெயரைச் சொன்னால் ஒருவேளை தெரிந்திருக்கும். கோபாலையர் பெயரைச் சொன்னால் 'எந்தக் கோபாலையர்?' என்பார். போப்புக்குப் பக்கத்திலும் இப்படி ஒரு மனிதர் இருந்தார். இராமாநுசக் கவிராயர். சென்னையில் அச்சுக்கூடம் வைத்துப் பாடம் சொன்னவர். துரு பாதிரியார் குறளை ஆங்கிலமாக்கியபோது துணை நின்றவர். போப்புக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். 'தமிழ் மாணவன்' என்று உருகுகிறோமே, மாணவன் என்றால் ஆசிரியர் ஒருவர் இருந்திருக்கவேண்டும் அல்லவா? அந்த ஆசிரியர் யார் என்று இத்தனை மேடையில் ஒரு மேடையிலாவது கேட்டதுண்டா? தங்கச்சங்கிலி போட்டுக்கொண்ட மாணவனைத்தான் நமக்குத் தெரியும். வாத்தியார் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஹார்வர்டில் தமிழுக்கு இருக்கை வேண்டும் என்று உலகத் தமிழர்கள் சேர்ந்து 60 லட்சம் டாலர் திரட்டினார்கள். தமிழக அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. நல்ல காரியம்; குறை சொல்லமாட்டேன். நாற்காலி வாங்கிவிட்டோம். ஆனால் நாற்காலியில் உட்காருகிறவர் மொழிபெயர்க்கிற புத்தகத்தை வாங்க நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்? தமிழ்நாட்டில் மொழிபெயர்ப்பாளனுக்குப் பக்கக் கணக்கில் கொடுக்கிற கூலியைக் கேட்டால் கொத்தனார் சிரிப்பார். மாஸ்கோவிலிருந்துகொண்டு ரஷ்ய நாவல்களை நமக்குத் தமிழில் தந்தாரே பூ. சோமசுந்தரம், 'உண்மை மனிதனின் கதை'யும் 'அன்னை வயலும்' 'அதிகாலையின் அமைதியில்' என்ற அந்தச் சின்னப் புத்தகமும் வாசித்து அழாத என் தலைமுறைக்காரன் யார்? அழுதவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் பெயரைத் தட்டுத் தடுமாறியாவது சொல்லிவிடுவார்கள். மொழிபெயர்த்தது யார் என்றால் வானத்தைப் பார்ப்பார்கள். கார்க்கியின் 'தாய்' எங்கள் திருநெல்வேலி ரகுநாதன் கையால் வந்தது என்பது திருநெல்வேலியிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

ஊரைத் திட்டிவிட்டு நான் யோக்கியன் என்று தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. என் நாவல் ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் வெளிநாட்டில் தமிழ் சொல்லிக் கொடுக்கிற ஒரு அம்மாள். மூன்று வருஷம் உழைத்தார். ஒரு சொல்லுக்காக நடு இரவில் எனக்கு எழுதிக் கேட்பார்: பத்தாயம் என்று நீங்கள் எழுதியிருப்பது மரத்தாலா, மண்ணாலா? அதற்கு எத்தனை வாய்? பிள்ளைகள் உள்ளே இறங்கி நெல் அள்ளுவார்களா? எங்கள் வீட்டுப் பத்தாயத்தை நானே அப்போதுதான் சரியாக நினைத்துப் பார்த்தேன். புத்தகம் வெளிவந்தது. வெளியீட்டு விழா அழைப்பிதழில் எட்டுப் பேர் பெயர் இருந்தது. அந்த அம்மாள் பெயர் இல்லை. அவர் செலவு செய்துகொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அழைப்பிதழ் அச்சாகுமுன் எனக்குக் காட்டித்தான் அச்சிட்டார்கள். நான் என் பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சரி என்று சொன்னேன்.

மேடையிலிருந்து அவரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கூட்டம் முடிந்து மன்னிப்புக் கேட்டேன். 'அதனாலென்ன, உங்கள் பத்தாயம் சரியாக வந்திருக்கிறதா, அதைச் சொல்லுங்கள்' என்றார். நான் அந்தப் பக்கத்தை அதுவரை வாசித்திருக்கவில்லை.

ஆண்டு விழாவுக்கு மறுவாரம் அந்தப் பள்ளிக்கூடத்து நூல்நிலையத்தில் போப்பின் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தேன். இல்லை என்றார்கள். திருவாசகத்தின் மறுபதிப்பு ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் எதுவும் எழுதாமல் அனுப்பி வைத்தேன். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது கேட்டேன். தலைமையாசிரியர் அறையில் கண்ணாடி பீரோவுக்குள் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார்கள். பையன்கள் எடுத்தால் அழுக்காகிவிடுமாம். இந்த வருஷ ஆண்டு விழாவுக்கும் அதே பிரசங்கிதான் வருகிறார். எனக்கு அழைப்பு வரவில்லை.